குத்தாமல் அளக்கும் வெளிச்சம்

என் அம்மாவின் இடது கை மோதிர விரல் நுனியில், மிளகுத் தூளைத் தூவியதுபோலச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கின்றன. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை அளவு பார்ப்பதற்காகக் குத்திக் குத்தி உண்டான புள்ளிகள் அவை. திருவானைக்காவில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் மாலையில் மல்லிகை கட்டும்போது, வாழைநாரை இழுத்து முடிச்சிடும் ஒவ்வொரு தடவையும் நார் அந்த இடத்தில்தான் அழுந்துகிறது. அவர் எதுவும் சொல்வதில்லை. முடிச்சுப் போட்டபின் அந்த விரலை மட்டும் ஒரு நொடி மடக்கி, பெருவிரலால் தேய்த்துவிட்டு அடுத்த பூவை எடுப்பார். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒளியியலும் நிறமாலையியலும் என் பாடங்கள். அந்த விரல் மடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை காலம் படித்த படிப்பு இந்த ஒரு விரலுக்கு உதவவில்லையே என்ற எண்ணம் எனக்கு வரும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு உறவினர் ஒருவர் இணையத்தில் வாங்கிய கைக்கடிகாரம் ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தார். இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, ஆக்ஸிஜன், அவற்றோடு இரத்தச் சர்க்கரை என்று அத்தனையையும் ஊசியில்லாமல் ஒளியாலேயே அளந்துவிடும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தது. "இனிமே குத்திக்கவே வேண்டாமாம்டி" என்று அம்மா சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு, அதைச் சோதித்துப் பார்க்கலாமே என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, வழக்கமான குளுக்கோமீட்டரிலும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அதில் 228 என்று வந்தது, கடிகாரத்தில் 112. அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் 141 காட்டியது, கடிகாரம் 109. பிறகு குளியல் துண்டு ஒன்றைக் கைத்தடிமனுக்குச் சுருட்டி, அதன்மீது கடிகாரத்தை இறுக்கிக் கட்டினேன். பின்புறத்துப் பச்சை விளக்குகள் வழக்கம்போல் மின்னின. சற்று நேரத்தில் அந்தத் துண்டின் இரத்தச் சர்க்கரை 110 என்று திரையில் வந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கடிகாரத்தை மேசை இழுப்பறையில் வைத்தார். அந்த எண்ணை நம்பி அவர் ஒரு வாரம் மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி வழங்கவில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. இன்சுலினையோ மாத்திரையையோ தவறான எண்ணை வைத்துக் கூட்டிக் குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கமும், சில சமயம் மரணமும் நேரலாம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேர் வீட்டிலும் அம்மாவைப் போல ஊசிக்குச் சலித்த ஒருவர் இருப்பார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் இந்த அனுபவத்திலிருந்து, ஒளியால் நோயை அளப்பதே ஏமாற்று வேலை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஒளி அளக்கிறது, பல பத்தாண்டுகளாக அளந்து உயிர்களைக் காப்பாற்றியும் வருகிறது. எதை அளக்க முடிகிறது, எதை அளக்க முடியாமல் திணறுகிறது, ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்வதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை விரல்நுனியால் மூடிப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் உள்ளே போகிறது. வெளியே வருவதோ தணல்போன்ற சிவப்பு மட்டுந்தான். வெள்ளையில் இருந்த நீலமும் பச்சையும் விரலுக்குள் காணாமல் போயின. அவற்றை விழுங்கியதில் பெரும்பங்கு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உரியது. எந்த நிறம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் நிறமாலையியல். உங்கள் விரல் நுனியில் அதன் முதல் பாடம் முடிந்துவிட்டது.

ஏறத்தாழ 650 நானோமீட்டரிலிருந்து 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் நம் தசைக்குள் ஓரளவு ஊடுருவிச் செல்லும். அதற்குக் குறைந்த அலைநீளங்களை ஹீமோகுளோபினும், தோலுக்குக் கருமை தரும் மெலனினும் உறிஞ்சிக்கொள்கின்றன. அதற்கு வெகுவாக மேலே போனால் உடம்பில் நிறைந்திருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. இடையில் திறந்திருக்கும் இந்த இடைவெளியை ஒளிச்சாளரம் என்பார்கள். உடம்பு நமக்கு விட்டுவைத்திருக்கும் சன்னல் இது என்றே நான் வகுப்பில் சொல்வது வழக்கம்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துசேர்ந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இந்தச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியும் மாறி மாறிச் செல்கின்றன. மறுபக்கத்தில் ஒரு உணர்வி அவற்றை வாங்குகிறது. ஆக்ஸிஜனைச் சுமந்த ஹீமோகுளோபின் சிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்ஸிஜனை இறக்கிவைத்துவிட்ட ஹீமோகுளோபின் அதை அதிகமாக உறிஞ்சும். 940-இல் நிலைமை நேர்மாறு. இரண்டு நிறங்களில் ஏற்படும் இழப்பை ஒப்பிட்டால், எத்தனை விழுக்காடு ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனோடு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், நடுவே தோல், எலும்பு, நகம், சிரை இரத்தம் என்று பல இருக்கின்றன. அவையும் ஒளியை உறிஞ்சுகின்றன. தமனியின் இரத்தத்தை மட்டும் அவற்றிலிருந்து எப்படிப் பிரித்து எடுப்பது?

இதற்கு விடை கண்டவர் ஜப்பானின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அயோயாகி. உண்மையில் அவர் தேடியது வேறொன்று. சிரையில் சாயம் ஒன்றை ஏற்றி, அது இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போவதைக் காது மடலில் ஒளியால் பார்த்து, இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று கணக்கிட முயன்றார். ஒவ்வொரு நாடித் துடிப்பும் அந்த வரைகோட்டில் ஒரு நெளிவை ஏற்படுத்தி அளவீட்டைக் கெடுத்தது. இரண்டாவது நிறம் ஒன்றைச் சேர்த்து அந்த நெளிவை நீக்கப் பார்த்தார். ஆக்ஸிஜன் அளவு மாறும்போதெல்லாம் நெளிவு நீங்காமல் மீண்டும் தலைகாட்டியது. இடையூறாக இருந்த இந்த நெளிவுதான் ஆக்ஸிஜனைப் பற்றிய செய்தியைச் சுமந்துவருகிறது என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது. துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. துடிக்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தால் மற்றவை தாமாகவே விலகிக்கொள்ளும். 1974-இல் அவர் இதை வெளியிட்டார். 1980-களில் அது அறுவை அரங்குகளுக்குள் வந்தது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் விரலில் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஓர் அம்சமாயிற்று. 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த வேளையில், அயோயாகி காலமானார்.

இந்தக் கருவியிலும் ஒரு குறை இருக்கிறது. அது எங்களைப் போன்ற கறுத்த தோல் உள்ளவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆக்ஸிமீட்டர் அளப்பது இரண்டு நிறங்களின் விகிதத்தை மட்டுமே. அந்த விகிதம் இன்ன எண்ணாக இருந்தால் ஆக்ஸிஜன் 95 விழுக்காடு, இன்ன எண்ணாக இருந்தால் 85 விழுக்காடு என்பதைத் தன்னார்வலர்களின் உடம்பிலிருந்துதான் கற்றாக வேண்டும். உடல்நலமுள்ளவர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அவர்கள் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்து, அந்த மதிப்பைக் கருவி காட்டும் விகிதத்தோடு பொருத்துவார்கள். இதைத்தான் அளவுத்திருத்தம் என்கிறோம். அந்தத் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்ந்த தோல் உடையவர்களாக இருந்தால், கருவி கற்றுக்கொள்வதும் அந்தத் தோலின் பாடத்தைத்தான்.

மெலனின் துடிப்பதில்லை, ஆகவே கொள்கைப்படி அது கணக்கிலிருந்து நீங்கிவிட வேண்டும். நடைமுறையில் முழுமையாக நீங்குவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி இரத்தத்தைத் தனியே எடுத்துப் பார்த்தது. அவர்களில் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காட்டினருக்கும், வெள்ளையரில் 3.6 விழுக்காட்டினருக்கும் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது. அதாவது ஆக்ஸிஜன் உடனே தேவைப்பட்டவர்களுக்குக் கருவி நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கறுத்த தோல் உடையவர்களிடம் அந்தப் பிழை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக நேர்ந்தது. 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று நம் ஊரில் வீடு வீடாகச் சொல்லப்பட்ட அந்த நாட்களை நினைத்தால், இந்தப் பிழை நம்மில் எத்தனை பேர் விரலில் ஒளிந்திருந்ததோ என்ற கவலை எனக்கு இன்றும் தீரவில்லை. ஆக்ஸிமீட்டரைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணை மட்டும் பார்க்காமல் மூச்சிரைப்பையும் உதட்டின் நிறத்தையும் பாருங்கள் என்றே சொல்கிறேன். விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் அடர்ந்த பூச்சு இருந்தாலும் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

ஒளி தன் வேலையை மிக அழகாகச் செய்வதை என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அருகிலிருந்து பார்த்தேன். மூன்றாம் நாள் காலை குழந்தையின் முகம் சற்று மஞ்சளாகத் தெரிந்தது. குழந்தைகள் மருத்துவர் வந்து, பெருவிரலால் நெற்றியை அழுத்தி எடுத்து, இரத்தம் விலகிய அந்த ஒரு கணத்தில் தோலின் நிறத்தைப் பார்த்தார். பிறகு மார்பிலும் தொப்புளுக்குக் கீழேயும் அதேபோல் பார்த்தார். பச்சிளம் குழந்தைகளின் மஞ்சள் காமாலை தலையிலிருந்து காலை நோக்கி இறங்கும் என்பது 1969-இல் கிராமர் என்ற மருத்துவர் பதிவு செய்த உண்மை. அதன்பின் செவிலியர் டார்ச் போன்ற ஒரு சிறு கருவியின் முனையைக் குழந்தையின் நெற்றியில் வைத்து மெல்ல அழுத்தினார். ஒரு மின்னல், அவ்வளவுதான். குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டியது. மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். அந்த எண் எல்லைக்கு மிக அருகே இருந்ததால், உறுதி செய்துகொள்ள ஒரே ஒருமுறை குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். அப்போதுதான் குழந்தை வீறிட்டது. அந்தக் கருவி இல்லாவிட்டால் அதே குத்தல் ஒவ்வொரு நாளும் நடந்திருக்கும்.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் இந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிரூபின் என்ற நிறமி இரத்தத்தில் மிகவும் ஏறினால் மூளைக்குள் புகுந்து நிரந்தரச் சேதம் உண்டாக்கிவிடும் என்பதால் அளந்தே ஆக வேண்டும். பிலிரூபின் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் அது 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதுதான். திரும்பி வரும் ஒளியில் நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, இரத்தத்தின் சிவப்பால் வரும் பங்கைப் பச்சை ஒளியைக் கொண்டு கழித்துவிட்டால், தோலுக்கடியில் உள்ள மஞ்சளின் அளவு கிடைத்துவிடும். ஜப்பானிய மருத்துவர்கள் 1980-இலேயே இதற்கான கருவியைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

இங்கே எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலில் கிடத்தும் வழக்கம் வைத்திருந்தார். ஒருநாள் அவர் ஒரு குழந்தையை மருத்துவரிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, ஒரு முக்கோண வடிவில் மட்டும் ஆழ்ந்த மஞ்சள் இருந்தது. போர்வையின் முனை மூடியிருந்த இடம் அது. பிறகு வெயில்பட்டுக் கிடந்த ஓர் இரத்தக் குழாயில் பிலிரூபின் அளவு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருப்பதும் அங்கே தெரியவந்தது. 1958-இல் அந்த மருத்துவமனையினர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்று எல்லாப் பிரசவ மருத்துவமனைகளிலும் எரியும் நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது. அளக்கிற நீலமும் ஆற்றுகிற நீலமும் ஒன்றே. அந்த நீலத்தை உறிஞ்சும்போதுதான் பிலிரூபின் தன் வடிவம் மாறி உடம்பைவிட்டு வெளியேறத் தயாராகிறது.

இப்போது அம்மாவின் விரலுக்குத் திரும்பி வருகிறேன். குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராம் பிலிரூபின் இருந்தாலே ஒளி கண்டுபிடித்துவிடுகிறது. அம்மாவின் இரத்தத்தில் சர்க்கரை 100-க்கு மேல், சில நாள் 200-க்கு மேல் இருக்கிறது. அதை ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை? பிலிரூபின் மஞ்சள். ஹீமோகுளோபின் சிவப்பு. குளுக்கோஸுக்கு நிறமே இல்லை. சர்க்கரைத் தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் இரண்டு கண்ணாடித் தம்ளரில் வைத்து எது எது என்று பார்த்தே சொல்லுங்கள் என்றால் நம்மால் சொல்ல முடியாது. கடிகாரத்தின் பச்சை விளக்காலும் முடியாது. பச்சையை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுவதால் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பெருகி வடிவது அதற்குத் தெரியும். நாடித் துடிப்பை எண்ணுவதற்கு அது மிகப் பொருத்தமான விளக்கு; சர்க்கரையைப் பார்க்கும் கண் அதற்குக் கிடையாது.

அளவும் நமக்கு எதிராக இருக்கிறது. உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருப்பதாக வைத்துக்கொண்டால், டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் அந்த மொத்த இரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. அதே இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 650 கிராம். அண்மை அகச்சிவப்பில் குளுக்கோஸ் கொஞ்சம் ஒளியை உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் அங்கே தண்ணீரின் உறிஞ்சல் பேராறுபோல ஓடுகிறது. தோலின் சூடு கொஞ்சம் மாறினாலே தண்ணீரின் நிறமாலை நகர்ந்துவிடும். அந்த நகர்வு சர்க்கரை மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

இத்தனை இரைச்சலுக்கிடையில் கணிதத்தைக் கொண்டு சர்க்கரையைப் பிரித்தெடுக்கலாம் என்று பலர் முயன்றார்கள். நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் அளந்து, குளுக்கோமீட்டர் எண்ணோடு பொருந்தும் ஒரு சூத்திரத்தைக் கணினி தேடிக் கொடுத்துவிடும். 1998-இல் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். குளுக்கோஸே சேர்க்காத செயற்கைத் திசு மாதிரிகளின் நிறமாலைகளை எடுத்து, அவற்றோடு ஒருவருடைய சர்க்கரை ஏறி இறங்குவதுபோன்ற எண்களை வரிசையாகச் சேர்த்து, அதே கணித முறைக்குக் கொடுத்தார்கள். சர்க்கரையே இல்லாத அந்த மாதிரிகளிலிருந்து, நம்பத்தகுந்ததாகத் தோன்றும் சர்க்கரை எண்களைக் கணிதம் வெளியே கொடுத்தது. நேரம் போகப் போகக் கருவியில் ஏற்படும் சின்னச் சின்ன மாற்றங்கள் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தோடு தற்செயலாகப் பொருந்திவிட்டன. அந்த ஆய்வு நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்று மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். சுருட்டிய துண்டில் 110 வந்த அன்றுதான் அது ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது எனக்கு உறைத்தது.

நிறமற்ற பொருளையும் அடையாளம் காட்டும் ஒளி ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் பிறந்தது எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவில் பிறந்த சி. வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஆய்வு செய்தவர். 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடக்கும்போது அந்த நீலத்தின் காரணத்தைத் தேடத் தொடங்கிய அவர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, சூரிய ஒளியையும் நிற வடிகட்டிகளையும் கொண்டே ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்து, 1928 பிப்ரவரியில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஒரு மூலக்கூற்றில் பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பும். ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் அந்த மூலக்கூற்றின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அல்லது வாங்கிக்கொண்டு, நிறம் மாறித் திரும்பும். அதிர்வு மூலக்கூற்றுக்கு மூலக்கூறு வேறுபடுவதால், நிறம் மாறிய அந்தச் சிறு பங்கு கைரேகை போன்றது. குளுக்கோஸுக்கு நிறம் இல்லாவிட்டாலும் ராமன் நிறமாலையில் அதற்கென்று தெளிவான முகடுகள் உண்டு.

கோடியில் ஒன்று என்பதுதான் சிரமம். தோலில் லேசரைப் பாய்ச்சினால் தோலின் புரதங்களும் மெலனினும் தாமாகவே ஒளிர்ந்து, ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத 785 அல்லது 830 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்தினால் இந்த ஒளிர்வு குறையும். ராமன் ஒளியும் சேர்ந்து குறையும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மைக்கேல் ஃபெல்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்தச் சிக்கலோடு பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் அளந்தது உண்மையிலேயே சர்க்கரையைத்தானா, அல்லது அதோடு சேர்ந்து மாறும் வேறெதையாவதா என்ற ஐயம் தொடர்ந்து இருந்துவந்தது. 2020-இல் அந்தக் குழுவும் சாம்சங் ஆய்வாளர்களும் சேர்ந்து, உயிருள்ள மூன்று பன்றிகளின் தோலிலிருந்து குளுக்கோஸின் ராமன் முகடுகளையே நேரடியாகப் பதிவு செய்து, இரத்தச் சர்க்கரை ஏற ஏற அந்த முகடுகளும் உயர்வதைக் காட்டினார்கள். 92 ஆண்டுகளுக்குப் பின் திருவானைக்காக்காரரின் ஒளி, உயிருள்ள தோலுக்கு அடியில் இருக்கும் சர்க்கரையைப் பெயர்சொல்லி அழைத்தது. அந்தக் கட்டுரையின் படத்தில் 1125 என்ற இடத்தில் எழும் அந்த முகட்டை அச்செடுத்து என் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இதற்கு முன்பே 2018-இல் டென்மார்க் நிறுவனம் ஒன்று, நீரிழிவு உள்ள 35 பேரிடம் மேசைமேல் வைக்கும் ராமன் கருவியைக் கொடுத்து, வீட்டிலேயே பெருவிரலின் அடிச் சதையில் அளக்க வைத்து முடிவுகளை வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, பல நாள் விரலைக் குத்தி எடுத்த எண்களை வைத்து அளவுத்திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. தோலுக்குத் தோல் தடிமனும் நிறமும் வேறு என்பதால் அது தவிர்க்க முடியாத உழைப்பு.

வாய்ப்புற்று பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. வெற்றிலை, புகையிலை, பான் மசாலா மெல்லும் நம் நாட்டில் அதன் பாரம் பெரிது. நவி மும்பையில் உள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆய்வகத்தில் ராமன் ஒளியையும், சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையில் திசுக்களின் இயல்பான ஒளிர்வையும் கொண்டு வாய்ப்புண்களைப் பிரித்தறியும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. புற்று பரவும்போது அடியிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சிதைவதால், ஊதா ஒளியில் நல்ல சதை காட்டும் நீலப் பொலிவு அங்கே மங்கிவிடும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு இது மாற்றாகிவிடாது. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாலே தேவையில்லாத வெட்டுகள் எத்தனையோ குறையும்.

என்னிடம் யாராவது ஊசியில்லாக் கருவி ஒன்றைக் காட்டி வாங்கலாமா என்று கேட்டால், அது எந்த நிறத்தை அனுப்புகிறது, அந்த நிறம் எந்தப் பொருளைப் பார்க்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள் என்கிறேன். அதைவிட முக்கியமாக, யாருடைய தோலில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அளவுத்திருத்தத்தில் நம் தோல் இல்லாவிட்டால், வரும் எண் நமக்குரிய எண் ஆகாது. கறுத்த தோலில் கருவி தடுமாறுகிறது என்று இன்னொரு நாட்டு மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும்வரை நாம் காத்திருந்தோம் என்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. நம் மருத்துவக் கல்லூரிகளும் இயற்பியல் துறைகளும் சேர்ந்து, நம் மக்களின் கைகளிலேயே இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் ஒரு மாலை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி ஊசியை விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும், அங்கே வலி குறைவு, ஒரே விரலையும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சோதனைக்கு வர்றவங்களுக்கும் குத்தித்தான் பாப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம், ஒளி சொல்வது சரியா என்று பார்க்க ஒரு நாளைக்குப் பலமுறை குத்த வேண்டியிருக்கும் என்றேன். "நம்ம ஊர்ல எவராவது செஞ்சா என் கையையும் சேத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, நனைத்து வைத்திருந்த நாரிலிருந்து ஓர் இழையைக் கிழித்தெடுத்தார்.